கறுவா இல்லாத மன்னன், கப்பல் தராத கம்பனி

கிழக்குக் கரையும் ஒல்லாந்தரும்: வரலாற்றுத் தொடர், பகுதி 4

சென்ற வாரம் கண்டியில் நிறுத்தியிருந்தோம். 1594இல் தந்துறையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. பொம்மை அரசியாக அவர்கள் மலைக்கு அழைத்துவந்த தோனா கத்தரீனா கண்டி மன்னன் விமலதர்மசூரியனின் கையில் சிக்கினாள். அவளையே மணந்து, தன் அரியணைக்கு இல்லாதிருந்த உரிமையையும் அவன் தேடிக்கொண்டான்.

மலைநாடு அவனுக்குக் கிடைத்தது. கடல் கிடைக்கவில்லை. கொழும்பு, காலி, மன்னார் என்று மேற்கிலும் தெற்கிலும் வடக்கிலும் கோட்டைகளை வைத்துக்கொண்டு போர்த்துக்கேயர் கடலை மறித்திருந்தார்கள். எஞ்சியது கிழக்குக் கரை மட்டுமே. திருகோணமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு ஆகிய துறைகளில் அப்போது பறங்கியர் கோட்டை எதுவும் இல்லை. மலைக்குப் போகும் உப்பும் கருவாடும் துணியும், மலையிலிருந்து இறங்கும் பாக்கும் மிளகும் தவள மாடுகளின் முதுகில் இந்தப் பக்கத்தால்தான் போய்வந்தன. அந்த வணிகத்தில் நம் முஸ்லிம் வியாபாரிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது.

அந்தக் கரையில் 1602 மே மாத இறுதியில் மூன்று அந்நியக் கப்பல்கள் நங்கூரமிட்டன.

உப்பு மீனில் வளர்ந்த நாடு

கப்பல்களின் கதைக்கு முன் அவற்றை அனுப்பிய நாட்டின் கணக்கைப் பார்த்துவிடுவோம். நமது வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. "ஒல்லாந்தர் கறுவாவுக்காக வந்தனர்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஏன் 1602இல்? ஏன் அதற்கு ஐம்பது வருடங்களுக்கு முன் வரவில்லை?

இன்றைய நெதர்லாந்தின் பரப்பு ஏறத்தாழ 41,500 சதுர கிலோமீற்றர். இலங்கை 65,610. நம்மைவிடச் சிறிய நாடு. 1600ஆம் ஆண்டளவில் அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 15 இலட்சம் பேர். நிலத்தின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்தது. அணை கட்டி, காற்றாலை வைத்துத் தண்ணீரை இறைத்து இறைத்துத்தான் அதில் குடியிருந்தார்கள். ஈர நிலத்தில் கோதுமை சரியாக விளையாது. ஆகவே மாடு வளர்த்தார்கள், பாற்கட்டி செய்தார்கள், மீன் பிடித்தார்கள்.

அவர்களின் முதல் செல்வம் ஹெரிங் மீன். வட கடலில் பிடித்து, கப்பலிலேயே குடல் எடுத்து, உப்பிட்டுப் பீப்பாவில் அடைத்து ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். மருதமுனையிலும் நிந்தவூரிலும் காய்ந்த கருவாடு கண்டிச் சந்தைக்குப் போனதைப் போலத்தான் இதுவும். வித்தியாசம் ஒன்றே: ஒல்லாந்தர் மீனை விற்ற காசில் கப்பல் கட்டினார்கள்.

அந்தக் கப்பல்கள் பால்டிக் கடலுக்குப் போய் டான்சிக்கிலிருந்து தானியம் ஏற்றின. தானியத்தைத் தெற்கே ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இறக்கின. அங்கிருந்து மீனுக்கு வேண்டிய உப்பையும் லிஸ்பனுக்கு வந்திறங்கிய ஆசியச் சரக்குகளையும் ஏற்றி வடக்கே திரும்பின. மிளகும் கறுவாவும் ஒல்லாந்தர் கைக்கு வந்த வழி அதுதான். இந்தியாவுக்குப் போய் உயிரைக் கொடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த வேலையைப் போர்த்துக்கேயர் செய்தார்கள். ஒல்லாந்தர் லிஸ்பனில் வாங்கி விற்று இலாபம் பார்த்தார்கள்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது அரசியல். ஒல்லாந்தர் தங்களை ஆண்ட ஸ்பானிய அரசனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். 1580இல் அதே ஸ்பானிய அரசன், இரண்டாம் பிலிப், போர்த்துக்கலுக்கும் அரசனானான். லிஸ்பன் துறைமுகம் ஒரே நாளில் எதிரியின் துறைமுகமாகிவிட்டது. 1585இலும் அதன் பின் 1590களிலும் ஒல்லாந்தக் கப்பல்களைப் பிடிக்கவும் தடுக்கவும் ஆணைகள் பிறந்தன.

அதே 1585இல் இன்னோர் அடி விழுந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய வணிக நகரங்களில் ஒன்றான அன்ட்வெர்ப் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. அங்கிருந்த வணிகர்களும் கைவினைஞர்களும் பணத்தையும் பழக்கத்தையும் தூக்கிக்கொண்டு வடக்கே அம்ஸ்டர்டாமுக்கும் மிடில்பர்க்குக்கும் ஓடினார்கள்.

இந்த அத்தியாயத்தின் இரண்டு நாயகர்களும், யோரிஸ் வான் ஸ்பில்பெர்கனும் செபால்ட் டி வேர்ட்டும், அன்ட்வெர்ப்பில் பிறந்தவர்கள். தாங்கள் பிறந்த நகரம் எதிரியின் கையில் இருந்த தலைமுறை அது. மட்டக்களப்புக்கு வந்த ஒல்லாந்தரை வெறும் வியாபாரிகளாக மட்டும் பார்த்தால் கதை பாதிதான் புரியும்.

தானியமும் மீனும் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தன. லிஸ்பன் மூடியது வழியைத் தேட வைத்தது. வழி எங்கே என்று சொன்னவர் யான் ஹைகன் வான் லின்ஸ்கோட்டன். கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்து, போர்த்துக்கேயர் மறைத்து வைத்திருந்த கடல்வழிகளைக் குறித்துக்கொண்டு வந்து 1596இல் அச்சிட்டவர். 1595க்கும் 1602க்கும் இடையில் அறுபதுக்கும் மேற்பட்ட ஒல்லாந்தக் கப்பல்கள் கிழக்கே புறப்பட்டன. ஊருக்கு ஒரு கம்பனி. ஒவ்வொன்றும் மற்றதோடு போட்டி. முதற் பயணத்தில் போன நான்கு கப்பல்களின் ஆட்கள் 249 பேரில் உயிரோடு திரும்பியவர்கள் தொண்ணூறு பேர்கூட இல்லை. அப்படியிருந்தும் ஆள் கிடைத்தது, பணமும் கிடைத்தது.

ஆடு, கடா, குட்டி

1601 மே 5. சீலாந்து மாகாணத்தின் வேரே துறையிலிருந்து ஸ்பில்பெர்கன் புறப்பட்டார். முதல் போட்டவர் பல்தசார் டி மூஷெரோன் என்ற பெருவணிகர். கப்பல்களின் பெயர்கள்: ஆடு, கடா, ஆட்டுக்குட்டி. பீரங்கி ஏற்றிய கப்பல்களுக்கு இப்படிப் பெயர் வைக்கும் மனிதர்களின் நகைச்சுவையை நான் இரசிக்கிறேன்.

அவர் பெட்டியில் ஒல்லாந்தரின் படைத்தலைவர் மொரிஸ் இளவரசரின் கடிதம் ஒன்று இருந்தது. அதைக் கவனத்தில் வைத்திருங்கள்.

ஒரு வருடத்துக்கு மேலான பயணம். இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றி, காலியில் இருந்த எதிரியின் கண்ணில் படாமல், கிழக்குக் கரையோரமாக வடக்கே ஏறினார்கள். பாணமை, பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, இன்றைய கல்முனை என்று நாம் பேருந்தில் போகும் அதே வரிசையில் இந்தக் கரை அவர்களின் இடது பக்கமாக நகர்ந்திருக்கும். வைகாசிக் கடைசி, கச்சான் எடுத்திருக்கும். தரையிலிருந்து காற்று வீசும் அந்த மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் என்பது நம் மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரிய கப்பல் கரைக்கு வெளியே பயமில்லாமல் நிற்கக்கூடிய காலம் அது.

மட்டக்களப்பு வாவிக்குள் நுழைய முடியாது. கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிடும். கப்பல்களைக் கடலில் நிறுத்திவிட்டுச் சிறு படகில் ஆட்களை அனுப்பினார்கள்.

இங்கே ஒரு விளக்கம். 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை இந்தக் கரை முழுவதும் மட்டக்களப்புத்தான். பழைய மட்டக்களப்பு நகரம் வாவியின் தென்கோடியில், சம்மாந்துறை வட்டாரத்தில் இருந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆகவே ஒல்லாந்தர் குறிப்புகளில் மட்டக்களப்பு என்று வரும்போது இன்றைய கோட்டையும் மணிக்கூட்டுக் கோபுரமும் உள்ள நகரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இங்கு ஆண்ட சிற்றரசனை ஒல்லாந்தர் "தெர்ம ஜங்கதாரே" என்று எழுதிவைத்தார்கள். பாவம் அந்த மனிதன். போர்த்துக்கேயருக்கும் திறை, கண்டிக்கும் திறை. கடலில் வெள்ளைத் தோல் தெரிந்ததும் அவன் நினைத்தது பறங்கியர் என்றுதான். வந்தவர்கள் பறங்கியரின் எதிரிகள் என்று சொன்னால் அதை நம்புவது எப்படி? நம்பிவிட்டால் கொழும்புக்கு என்ன பதில் சொல்வது? ஸ்பில்பெர்கன் மிளகும் கறுவாவும் கேட்டார். அவன் நாளைக் கடத்தினான்.

சில வாரங்கள் இப்படியே போயின. சரக்கு வரவில்லை. கடைசியில் ஸ்பில்பெர்கனுக்கு ஒன்று விளங்கியது: இந்தக் கரையில் பேசிப் பயனில்லை, முடிவெடுப்பவன் மலையில் இருக்கிறான்.

யூலையில் ஒரு சிறு குழுவோடு, வாத்தியக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, கண்டிக்கு நடந்தார்.

பேரம்

இனி வருவது இந்த அத்தியாயத்தின் மையம். சற்று நின்றே பார்ப்போம்.

விமலதர்மசூரியன் அவரைப் பெரும் மரியாதையோடு வரவேற்றான். இருவருக்கும் பொதுவாக இருந்தது எதிரியின் மொழி. மன்னன் இளமையில் ஞானஸ்நானம் பெற்று, தொன் ஜோன் என்ற பெயரோடு போர்த்துக்கேயரிடையே வளர்ந்தவன். போர்த்துக்கேய மொழியை நன்றாகப் பேசினான்.

முதற் பேச்சு வணிகம். மிளகுக்கும் கறுவாவுக்கும் என்ன விலை தருவாய் என்று மன்னன் கேட்டான். ஸ்பில்பெர்கன் ஒரு விலை சொன்னார். மன்னன் அதைவிட மிக அதிகமாகக் கேட்டான். இரு பக்கமும் இறங்கவில்லை. பேச்சு முறியும் நிலைக்கு வந்தது.

அப்போது ஸ்பில்பெர்கன் எழுந்தார். விடைபெறப் போவதாகச் சொன்னார். தாம் மிளகுக்கும் கறுவாவுக்கும் வரவில்லை, மொரிஸ் இளவரசரின் நட்பையும், போர்த்துக்கேயருக்கு எதிராக அவர் தரக்கூடிய உதவியையும் தெரிவிக்கவே வந்ததாகச் சொன்னார்.

இது உண்மையா? முழு உண்மையல்ல. டி மூஷெரோன் நட்புக்காகவா மூன்று கப்பல்களுக்கு முதல் போட்டார்? ஆனாலும் பொய்யும் அல்ல. கடிதம் பெட்டியில் இருந்தது. ஒரு வணிகன் விலை படியாதபோது அரச தூதனாக மாறிய கணம் இது. எனக்குத் தெரிந்தவரை, கிழக்குக் கரை வழியாக நடந்த ஒல்லாந்த உறவின் எல்லா நன்மைக்கும் எல்லாத் தீமைக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

மன்னன் எழுந்து வந்து அவரைக் கட்டித் தூக்கினான். தன்னிடம் இருக்கும் மிளகும் கறுவாவும் முழுவதும் உனக்கே என்றான். பிறகு சற்று வெட்கத்தோடு ஒரு விளக்கமும் சொன்னான்: இருப்பு சிறிதுதான், பறங்கியர் கையில் போகக்கூடாது என்று அழிக்கச் சொல்லியிருந்தேன் என்று.

அழித்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை மன்னன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சிறந்த கறுவா விளைவது மலையில் அல்ல. நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து தெற்கே நீளும் மேற்குத் தாழ்நிலத்தில். அது போர்த்துக்கேயர் பிடியில் இருந்தது. சலாகமக் குடிகள் அங்கே உரித்துக் கொடுத்த பட்டை கொழும்புக் கிட்டங்கிக்குப் போனது. கறுவா நாட்டின் அரசன் என்று ஐரோப்பா நினைத்தவனிடம் விற்பதற்குக் கறுவா இல்லை!

மறுபக்கம்? கண்டி கேட்டது போர்க்கப்பல். அந்த உதவியைச் சொல்லில் தந்தவரிடம் இருந்ததோ வணிகர் பணத்தில் வந்த மூன்று கப்பல்கள். இளவரசர் மொரிஸ் அரசரும் அல்ல. அது அரசன் இல்லாத குடியரசு. அவர் அதன் படைத்தலைவர். போரை அறிவிப்பதும் நிறுத்துவதும் மாகாணங்களின் சபை. பணத்தைச் செலவிடுவதோ வணிகர்கள்.

இல்லாத கறுவாவுக்கு இல்லாத கடற்படை. இரு தரப்பும் மகிழ்ச்சியோடு கைகொடுத்துக்கொண்டன.

மகிழ்ச்சி போலியானதல்ல. உங்கள் இளவரசர் இங்கே கோட்டை கட்ட விரும்பினால் நானும் அரசியும் பிள்ளைகளும் கல்லும் சாந்தும் தோளில் சுமந்து வருவோம் என்றான் மன்னன். அரண்மனையில் ஒல்லாந்த மொழி படிக்கத் தொடங்கினார்கள். கண்டி இனிமேல் பிளாண்டர்ஸ் நாடு என்று அவன் சொன்னதாகவும் குறிப்பு உண்டு. இசையில் மயங்கிய மன்னனுக்காகத் தம் ஆட்களில் இருவரை ஸ்பில்பெர்கன் விட்டுவிட்டு வந்தார்.

கரைக்குத் திரும்பியதும் இன்னொரு காரியமும் செய்தார். அந்தப் பக்கம் வந்த போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்து மன்னனுக்கே பரிசாகக் கொடுத்தார். அவருக்கு அது சிறிய செலவு. மன்னனின் மனதில் அது வழமையாகப் பதிந்தது: ஒல்லாந்தர் கடலில் பிடிப்பது நமக்கு வரும்.

செப்டெம்பர் தொடக்கத்தில், வாடை எழுமுன், ஆடும் கடாவும் குட்டியும் அச்சே நோக்கிப் போய்விட்டன.

அவருக்குத் தெரியாத ஒன்று

ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பை நெருங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, 1602 மார்ச் 20ஆம் திகதி, அவரை அனுப்பிய உலகம் மாறிவிட்டது.

ஊருக்கு ஊர் போட்டியிட்ட கம்பனிகளை ஒல்லாந்த மாகாணங்களின் சபை ஒன்றாக்கியது. ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பனி பிறந்தது. மூலதனம் 64 இலட்சம் கில்டருக்கு மேல். அதில் பாதிக்கும் அதிகம் அம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. ஆறு நகரக் கிளைகள், 17 இயக்குநர்கள். கிழக்கோடு வணிகம் செய்ய 21 வருடத் தனியுரிமை. உடன்படிக்கை செய்யலாம், கோட்டை கட்டலாம், படை வைத்திருக்கலாம். எல்லாம் சபையின் பெயரில், இலாபம் பங்குக்காரர்களுக்கு.

இதை நாம் இரு நாடுகளுக்கு இடையிலான வணிக உறவு என்று எழுதிவிடுகிறோம். ஒரு பக்கம் நாடு சரிதான். கண்டிக்கு ஒரு முடி, ஒரு தலை. மறு பக்கம் யார்? கடிதம் தந்தவர் இளவரசர். முதற் கப்பலை அனுப்பியவர் தனி வணிகர். இனி வரப்போவது கம்பனியின் கப்பல். வாக்குக் கொடுத்தவரும் அதை நிறைவேற்ற வேண்டியவரும் வேறு வேறு. கண்டிக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கம்பனியின் முதற் கப்பற்றொகுதியின் துணைத் தளபதி செபால்ட் டி வேர்ட். 1602 நவம்பர் 28ஆம் திகதி, வாடைக் கடல் கொந்தளிக்கும் காலத்தில், அவர் மட்டக்களப்புக்கு வெளியே வந்து நின்றார்.

அனுபவத்துக்குக் குறைவில்லாதவர். 1598இல் ரொட்டர்டாமிலிருந்து மகலன் நீரிணை வழியாக ஆசியாவுக்குப் புறப்பட்ட ஐந்து கப்பல்களில் ஒன்றில் போனவர். புயலில் எல்லாம் சிதறின. ஒன்று எப்படியோ யப்பானை அடைந்தது. இவர் நூற்றுக்கும் மேற்பட்டவரில் எஞ்சிய 36 பேரோடு 1600இல் வீடு திரும்பினார். வழியில் கண்ட பென்குயின் தீவுகள் நீண்ட காலம் இவர் பெயராலேயே அழைக்கப்பட்டன. கடலைத் தெரிந்தவர். அரசவையைத் தெரிந்தவரா என்பதுதான் கேள்வி.

நான்கு கப்பல்கள்

டி வேர்ட்டும் கண்டிக்குப் போனார். ஸ்பில்பெர்கன் திறந்துவைத்த பாதை. வரவேற்பு இவருக்கும் கிடைத்தது. இம்முறை பேச்சு திட்டமாக இருந்தது. மன்னன் தரைவழியாகவும் ஒல்லாந்தர் கடல்வழியாகவும் காலிக் கோட்டையை முற்றுகையிடுவது. அது விழுந்தால் கறுவா வணிகம் ஒல்லாந்தருக்கு.

கூடுதல் கப்பல் திரட்ட டி வேர்ட் அச்சே போனார். அவர் இல்லாத நேரத்தில் போர்த்துக்கேயத் தளபதி ஜெரோனிமோ டி அசவேதோ மலைமேல் படையெடுத்தார். பலானைக் கணவாய்வரை வந்தார். அவருடைய உள்ளூர் லஸ்கரின் வீரர்கள் கூட்டமாகக் கைவிட்டதால்தான் பின்வாங்க நேர்ந்தது. கண்டி தப்பியது, மயிரிழையில். 1603இன் தொடக்கத்தில் மன்னன் இருந்த மனநிலை இதுதான். கப்பல்கள் வரவேண்டும், உடனே வரவேண்டும்.

ஏப்ரல் கடைசியில் டி வேர்ட் கப்பற்படையோடு திரும்பினார். மன்னன் மலையிலிருந்து இறங்கி மட்டக்களப்புக்கே வந்தான். கண்டி அரசன் கடற்கரைக்கு வருவது சாதாரண விடயம் அல்ல.

காத்திருந்த நாட்களில் இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, கப்பல் ஆட்கள் கரையில் இறங்கி ஊராரின் மாடுகளைப் பிடித்து அறுத்தார்கள். பல மாதங்கள் உப்பிறைச்சி தின்று வந்தவர்களுக்குப் பச்சை இறைச்சி ஆசை. உரியவர்கள் முறையிட்டபோது விலை தருகிறோம் என்றார்கள். பசுவைப் புனிதமாகக் கருதியவர்களிடம் விலை பேசினால் கோபம் அடங்குமா?

மற்றது இதைவிடப் பாரதூரமானது. அந்தக் கடலால் போன நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களை டி வேர்ட் பிடித்தார். கப்பல்களும் ஆட்களும் தன்னிடம் ஒப்படைக்கப்படும் என்று மன்னன் எதிர்பார்த்தான். அப்படித்தான் பேச்சும் இருந்தது. ஸ்பில்பெர்கன் காட்டிய வழியும் அதுதான். டி வேர்ட் அவர்களை விடுவித்தார். சரணடையும்போது உயிருக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காத்தார்.

கடலோடிகளின் வழக்கில் இது கண்ணியம். கண்டியின் கண்ணில் துரோகம். நாலு மாதங்களுக்கு முன் பலானையில் தன் நாட்டை அழிக்க வந்தவர்களை, உதவிக்கு வந்ததாகச் சொன்னவன் கையில் பிடித்த பிறகும் விட்டுவிட்டான். இவனும் அவர்களும் ஒரே சாதிதானோ? மன்னனின் காதில் ஓதுவதற்கு ஆட்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. உன்னைக் கப்பலுக்கு அழைத்துச் சிறைப்பிடிக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சும் பரவியது.

அந்த நேரம் பார்த்து டி வேர்ட் மன்னனைக் கப்பலுக்கு அழைத்தார்.

1603 யூன் 1

அன்று டி வேர்ட் ஆட்களோடு கரைக்கு வந்தார். குடித்திருந்தார். கப்பலைப் பார்க்க வருமாறு மீண்டும் கேட்டார். மன்னன் மறுத்தான்.

போர்த்துக்கேயரிடையே வளர்ந்தவனுக்கு ஐரோப்பியக் கப்பல் என்றால் என்னவென்று தெரியும். ஏறுவது எளிது, இறங்குவது அவர்கள் விருப்பம். மறுப்பை மரியாதையாகவே சொன்னான்: அரசி கண்டியில் தனித்திருக்கிறாள், நான் விரைவாகத் திரும்ப வேண்டும், நீங்கள் காலிக்குப் புறப்படுங்கள்.

அதற்கு டி வேர்ட் சொன்ன பதிலைப் பழைய நூல்கள் பல விதமாக எழுதுகின்றன. சாரம் ஒன்றுதான். அரசிக்கு ஆண் துணைக்குக் குறைவிருக்காது என்ற பொருளில் ஒரு கேவலமான பேச்சு. மன்னன் கப்பலுக்கு வராமல் தாம் காலிக்குப் போகப்போவதில்லை என்ற மிரட்டல்.

மன்னன் எழுந்தான். இந்த நாயைக் கட்டுங்கள் என்று சிங்களத்தில் ஆட்களிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

கட்டத்தான் சொன்னான், கொல்லச் சொல்லவில்லை. டி வேர்ட் வாளில் கை வைத்தார், கத்தினார். பின்னாலிருந்து ஒருவன் முடியைப் பிடிக்க இன்னொருவன் வெட்டினான். அதன் பிறகு கரையில் நின்ற ஒல்லாந்தர் யாருக்கும் இரக்கம் காட்டப்படவில்லை. ஐம்பது பேரளவில் செத்தார்கள்.

செய்தி கேட்ட மன்னன் சற்றுத் திகைத்தான் என்கிறார்கள். நடந்தது நடந்துவிட்டது. கப்பலில் எஞ்சியவர்களுக்குப் போர்த்துக்கேய மொழியில் சில வரிகளில் கடிதம் போயிற்று. குடிகாரன் உருப்படமாட்டான், கடவுள் நீதி செய்தார், சமாதானம் வேண்டுமென்றால் சமாதானம், போர் வேண்டுமென்றால் போர். இவ்வளவுதான் அதன் கருத்து.

குடியும் வாய்க்கொழுப்புமே இந்த உறவைக் கெடுத்தன என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். எனக்கு அது போதவில்லை. அரசியைப் பற்றிய அந்தச் சொல் இல்லாவிட்டாலும் காலி முற்றுகை நடந்திருக்குமா? நான்கு கப்பல்களை விடுவித்தபோதே மன்னன் கணக்கைப் பார்த்துவிட்டான். டி வேர்ட்டும் பார்த்திருக்க வேண்டும்: கோட்டையை முற்றுகையிட்டால் சாவது கம்பனியின் ஆட்கள், சேதமாவது கம்பனியின் கப்பல்கள், கிடைக்கப்போவது விளைந்து வரவேண்டிய கறுவா. ஓர் அரசன் அந்தச் செலவைச் செய்வான். முதல் வருடத்திலேயே பங்குக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கம்பனி செய்யுமா?

கணக்குப் புத்தகம்

பழிவாங்கக் கப்பற்படை வரும் என்று கரையோரம் எதிர்பார்த்தது. வரவில்லை.

கம்பனியின் தலைமைக்கு இலங்கை அப்போது முதல் வரிசையில் இல்லை. சாதிக்காயும் கராம்பும் விளைந்த மலுக்குத் தீவுகளில் குறைந்த செலவில் கூடிய இலாபம் தெரிந்தது. 1605இல் அம்போய்னா கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தார்கள். ஐம்பது உயிர்களை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு மட்டக்களப்பை மறந்ததுபோல இருந்தார்கள்.

ஆனால் வேறு யாரோ மறக்கவில்லை. எந்தக் கோட்டையும் இல்லாத இந்தக் கிழக்குக் கரையால் எதிரி நேரே கண்டிவரை நடந்து போனதைக் கொழும்பிலிருந்த போர்த்துக்கேயர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1604இல் விமலதர்மசூரியன் காய்ச்சலில் விழுந்து இறந்தான். பிள்ளைகள் சிறுவர்கள். துறவு பூண்டிருந்த உறவினன் செனரத் காவியைக் களைந்து அரியணை ஏறினான். தோனா கத்தரீனாவையே மணந்தான். பிற்காலத்தில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை இந்த மட்டக்களப்பு மண்ணில் குடியேற்றப்போகிற அதே செனரத்தான்.

அவன் கையில் வந்தது கப்பல் இல்லாத நாடு. கிழக்குத் துறைகள் இன்னும் திறந்திருந்தன. எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது. கடலில் இரண்டே வல்லமைகள். ஒன்று நாட்டை அழிக்க வந்தது. மற்றதன் தளபதியைக் கொன்றது கண்டி.

இந்த நிலையில் செனரத் முதலில் யாருக்குத் தூது அனுப்புவான்: காலிக் கோட்டைக்குள் இருக்கும் பழைய எதிரிக்கா, ஐம்பது பேரைப் பறிகொடுத்த கம்பனிக்கா? தூது போனாலும், இம்முறை அந்தச் சிறிய நாட்டின் சார்பில் பேச வரப்போகிறவன் யார்?

(தொடரும்)